முள்ளிலை வேலியைப் பிடுங்கலாமா என்று நீ கேட்டாய்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டதற்கு நான் சரியான பதில் சொல்லவில்லை. "அம்மா, நாங்கள் வீட்டுக்குக் குடிவாறதுக்கு முன்னம் அந்த முள்ளு வேலியைப் பிடுங்கி எறிஞ்சிடுவமோ? பிள்ளை நடக்கத் தொடங்கிட்டான்" என்றாய். "பாப்பம்" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டேன். எனக்குக் கோபம் என்று நீ நினைத்திருப்பாய். கோபமில்லை, களைப்பு. அந்த வேலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதென்றாலும் அந்த வருடங்கள் எல்லாவற்றையும் திரும்பத் தூக்க வேண்டியிருக்கிறது. வாயால் தூக்க முடியவில்லை. எழுதினால் இடையில் நிறுத்தித் தேத்தண்ணி குடிக்கலாம், திரும்ப வந்து இருக்கலாம். அதனால் எழுதுகிறேன். மருமகள் மிதுலாவும் வாசிக்கட்டும். பெற்றோரைப் பார்த்துக்கொண்டு வேலைக்கும் ஓடுகிற வேறு பிள்ளைகள் யாருக்கும் நீ காட்ட விரும்பினாலும் காட்டு. எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

சுவிஸுக்கு வந்து, பாடனுக்குப் பக்கத்தில் நாங்கள் இந்த வீட்டை வாங்கியபோது வீதிப் பக்கம் முழுக்க கிர்ஷ்லோர்பேர் வேலி நின்றது உனக்கு நினைவிருக்கும். பெரிய, தடித்த, பளபளக்கும் இலை. அப்பா தொழிற்சாலையில் காலம் முழுக்க இயந்திரத்தோடு நின்ற மனிதர் அல்லவா, வேலி வெட்டுவதென்றாலும் கயிறு கட்டி, மட்டம் பார்த்துத்தான் வெட்டுவார். குருவிக் கூடு இருந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு, குஞ்சு பறந்த பிறகு வந்து சரிசெய்வார். அவர் ஓய்வு பெற்றதற்கு அடுத்த கோடையில் ஒரு நாள், நான் முதியோர் ஹைமில் சமையலறை வேலை முடிந்து வந்தபோது வீட்டுக்கு முன்னால் வேலியே இல்லை. அடிக்கட்டைகள் மட்டும் வரிசையாக நின்றன. அப்பா வாசற்படியில் இருந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இதென்ன செய்து வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டேன்.

"நீர்தானே வெட்டச் சொன்னனீர்."

"நானோ? எப்ப?"

"விடியத்தான். அதுக்குள்ள மறந்துபோனீரோ?" என்று சிரித்தார். எனக்கு மறதி வந்துவிட்டதென்று அன்று இரக்கப்பட்டது அவர்தான். நானும் ஒரு கணம், ஒருவேளை சொன்னேனோ என்று யோசித்தேன். அப்படித்தான் அது எங்கள் வீட்டுக்குள் வந்தது. யாரும் வந்து கதவைத் தட்டி, இன்றிலிருந்து இவருக்கு மறதி நோய் என்று சொல்லவில்லை.

பிறகு அவர் போகத் தொடங்கினார். காலையில் சவரம் செய்து, வேலைக்குப் போகிற ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு, வெறும் சாப்பாட்டுப் பெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போய் நிற்பார். பொலிஸ்காரர் மரியாதையாகத்தான் கூட்டிக்கொண்டு வந்தார்கள். "இவரை வெளியே தனியாக விடக்கூடாது" என்றார் ஒரு இளம் பொலிஸ்காரி. வேலி இல்லாத வீட்டில் வெளியே எது, உள்ளே எது? நான் வேலையைப் பாதியாகக் குறைத்தேன். மீதிப் பாதி நேரத்துக்குப் பக்கத்து வீட்டு ரூத் ஜன்னலோரம் இருந்து எங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவனை இழந்து தனியாக இருக்கிற மனுசி, அவளாகவே வந்து "நான் எப்படியும் அங்கேதான் இருந்து பின்னுவேன்" என்றாள். ஆனால் ஒரு மனுசியைக் காலம் முழுக்க ஜன்னலில் இருத்த முடியாது.

கம்பி வேலி போடலாம் என்று நீதான் சொன்னாய். நல்ல யோசனைதான். ஆட்களையும் நீயே ஒழுங்கு செய்தாய், பாசலில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நின்றாய். தூண் நட்டு, வலையை விரித்து அவர்கள் இழுக்கத் தொடங்கியபோது அப்பா ஜன்னலால் பார்த்தார். பிறகு அவரைக் காணவில்லை. சோபாவுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டிக் குந்திக்கொண்டிருந்தார். "என்ர அடையாள அட்டை எங்கை? ஆமி வந்திட்டான். கம்பி அடிக்கிறாங்கள்" என்றார். குரலே வரவில்லை, காற்றுத்தான் வந்தது. இலங்கையில் இருந்தபோது ஒரு சுற்றிவளைப்பில் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் முகாமில் வைத்திருந்தார்கள் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்கு மேல் எனக்கும் அவர் ஒன்றும் சொன்னதில்லை. நீ வெளியே போய் வேலையாட்களை நிறுத்தினாய். கட்டின வலையை நீயே அவிழ்த்துச் சுருட்டினாய். கை கிழிந்து இரத்தம் வந்ததையும் கவனிக்கவில்லை. நான் அன்று உனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், அன்று நீ செய்தது போதும். ஒரு மகன் செய்ய வேண்டியதை நீ அந்த ஒரு பின்னேரத்தில் செய்துவிட்டாய்.

கம்பி வேண்டாம் என்றால் செடிதான். கிர்ஷ்லோர்பேரைத் திரும்ப நடலாம் என்றால் அதை இப்போது இந்த நாட்டில் விற்கவே தடை. பறவைகள் பழத்தைத் தின்று காடு முழுக்கப் பரப்பிவிடுகின்றனவாம். ரூத் தான் ஸ்டெக்பால்மேயைச் சொன்னாள். ஆங்கிலத்தில் ஹோலி என்கிறார்கள், நத்தார் வாழ்த்து மட்டைகளில் சிவப்புப் பழத்தோடு வரைந்திருப்பார்களே, அது. இங்கத்தைய காட்டுச் செடி, பனிக்காலத்திலும் இலை கொட்டாமல் பச்சையாக நிற்கும், இலையின் விளிம்பெல்லாம் முள். ஆளை மறிக்கும், ஆனால் பார்ப்பதற்கு வேலி மாதிரி இராது, செடி மாதிரித்தான் இருக்கும். எனக்கு அது பிடித்துக்கொண்டது. நாற்றுப்பண்ணையில் இருந்த பெண் என்னைப் பார்த்து, "உங்களுக்கு அவசரமா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "அப்படியென்றால் இதை வாங்காதீர்கள். வருடத்துக்கு ஒரு சாண் வளர்ந்தால் பெரிய காரியம்" என்றாள். பெரிய செடியாகத் தா என்று கேட்டேன். பெரியதைப் பிடுங்கி நட்டால் கோபித்துக்கொண்டு வருடக்கணக்கில் அப்படியே நிற்கும், சின்னதுதான் வேர் பிடிக்கும் என்றாள். முழங்கால் உயரச் செடிகளை வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த நேரம் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இலையுதிர் காலத்தில், மண்ணில் இன்னும் சூடு இருக்கும்போது நட்டேன். நடைபாதையை முள் எட்டாதபடி உள்ளே தள்ளி நடவேண்டும் என்று கெமைண்டவில், ஊராட்சிக் கந்தோரில், சொல்லியிருந்தார்கள். பழைய கட்டைகளின் வேர்களைத் தோண்டி எடுக்கவே என் இடுப்பு விட்டுப்போனது. அப்பா ஒரு கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இலையைப் பிடுங்கி, விரலால் முள்ளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது கழுதைமுள்ளியெல்லே. களப்புக் கரையில நிக்கிறது. இஞ்சை ஆர் கொண்டுவந்தது?" என்றார். இலை உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது.

"இல்லையப்பா, இது வேறை. இது இஞ்சத்தை ஆள்" என்றேன்.

"இஞ்சத்தை ஆளோ? அப்ப பாஸ்போட் இருக்கும். ஒருத்தரும் பிடிக்க மாட்டினம்."

மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். நோய் வந்த பிறகும் அப்படி நாட்கள் இருந்தன, தம்பி. நீ பாசலில் இருந்து நினைத்த மாதிரி எல்லா நாளும் அழுகை இல்லை.

செடி வளர்ப்பதில் எனக்கு ஒன்றும் தெரியாது. களிமண்ணில் தண்ணீரை அள்ளி ஊற்றி ஒரு செடியை அழுகவைத்தேன். எங்கள் பக்கத்து மண்ணில் சுண்ணாம்பு அதிகம், ஸ்டெக்பால்மேக்கு அது ஒத்துக்கொள்ளாது. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. மக்கின இலையுரத்தை வாங்கி அடியில் தடிப்பாகப் போட்டேன், ஒவ்வொரு இலையுதிர் காலமும் போட்டேன், பிறகு மெல்ல மெல்லப் பச்சை திரும்பியது. முதல் வசந்தத்தில் ஊரெல்லாம் துளிர்க்கும்போது என் செடிகள் இலையைக் கொட்டின. செத்துப்போச்சு என்று நாற்றுப்பண்ணைக்கு அழைத்து அந்தப் பெண்ணோடு சண்டை பிடித்தேன். அவள் பொறுமையாக, "பச்சையாக நிற்கிற செடியும் பழைய இலையைக் கொட்டத்தான் வேண்டும். இது மற்றவர்கள் கொட்டாத நேரம் பார்த்துக் கொட்டும், அவ்வளவுதான்" என்றாள். குளிர்காலத்தில் பழம் வரவில்லை. ரூத்திடம் கேட்டால், இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு, ஆண் செடி ஒன்று பக்கத்தில் நின்றால்தான் பெண் செடி காய்க்கும் என்றாள். அப்பாவிடம் வந்து சொன்னேன், "ஆம்பிளை ஒண்டு வேணுமாம்."

"நான் நிக்கிறன்தானே" என்றார்.

பழம் இல்லாவிட்டால் என்ன, வேலிதானே வேண்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் எனக்குப் பார்ப்பதற்கு ஏதாவது சிவப்பாக வேண்டியிருந்தது. சட்டியில் கொஞ்சம் பெரிதாக நின்ற ஒரு ஆண் செடியை வாங்கிவந்து வாசல் மூலையில் வைத்தேன்.

வேலி ஒரு சாண் வளர்ந்தது. அப்பாவின் நோய் அப்படி வளரவில்லை, அது ஓடியது. முதலில் என் பெயர் போனது. பிறகு ஜெர்மன் போனது, பிறகு கரண்டி பிடிக்கிற விதம் போனது. கால் மட்டும் போகவில்லை. முழங்கால் உயர வேலியை அவர் ஒரு எட்டில் கடந்துவிடுவார். பனி கொட்டின ஒரு காலையில் வீட்டுச் செருப்போடு பஸ் தரிப்பிடத்தில் நின்றவரை ரூத் தன் கோட்டைப் போர்த்திக் கூட்டிக்கொண்டு வந்தாள். அன்று பின்னேரம் நீ அழைத்தாய். "அம்மா, ஹைமில விடுவம். உங்களாலை ஏலாது" என்றாய். நான் உன்மீது பாய்ந்தேன். "நான் வேலை செய்யிற இடமடா அது. சாப்பாடு தொடாமல் திரும்பி வாற கோப்பையளை நான்தான் கழுவுறனான். எனக்குத் தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நீ சொன்னது சரி, எனக்கு ஏலாமல்தான் இருந்தது. பஸ்ஸில் ஏறி இருந்தால் நித்திரையாகிவிடுவேன், கடைசித் தரிப்பிடத்தில் சாரதி வந்து எழுப்புவார். ஆனால் சரியென்று தெரிந்த எல்லாவற்றையும் ஒரு ஆளால் உடனே செய்துவிட முடியாது. வேலி இடுப்பு வரை வரட்டும், பிறகு பார்ப்போம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது குளிர்காலத்தில் பழம் வந்தது. அழகாகத்தான் வந்தது. வீதியால் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மார்கழியில் ஒரு மத்தியானம், வேலையால் வந்து, சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தேன். அப்படியே கதிரையில் நித்திரையாகிவிட்டேன். முழித்தபோது வாசற்கதவு திறந்து கிடந்தது. அப்பா படியில் இருந்தார். கையெல்லாம் கீறல், உதடு சிவப்பாக இருந்தது. "பழம் நல்லாயில்லை. கைக்குது" என்றார். பிறகு மூடியிருந்த மற்றக் கையை என்னிடம் நீட்டினார். "உமக்கும் வைச்சிருக்கிறன்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். வாந்தி நிற்கவில்லை. அம்புலன்ஸ் வந்தது. நீ வேலை செய்கிற ஆய்வுகூடத்துச் சப்பாத்தோடேயே பாசலிலிருந்து ஓடி வந்தாய். அந்தப் பழத்தால் பெரிய ஆட்கள் செத்துப்போவது அரிது, ஆனால் அவருடைய உடம்பு காய்ந்துபோயிருக்கிறது, வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "வீட்டில் இவரோடு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். நீதான் பதில் சொன்னாய். "அம்மா இருந்தவ. இனி ஏலாது" என்று முதலில் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு அவருக்கு ஜெர்மனில் சொன்னாய். என் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அந்த இடத்தில் எனக்கு ஆறுதலாக இருந்தது, தம்பி. வெட்கமாக இருந்தது, அதைவிட ஆறுதலாக இருந்தது.

இடம் கிடைத்தது நான் வேலை செய்த ஹைமிலேயேதான். அவரை அங்கே விட்டுவிட்டு வந்த அன்று, கோட்டைக்கூடக் கழற்றாமல் கிடங்கிலிருந்து மரம் அறுக்கிற வாளை எடுத்து அந்த ஆண் செடியை அடியோடு அறுத்தேன். ரூத் ஜன்னலில் நின்று பார்த்தாள், வெளியே வரவில்லை. அறுத்தும் பிரயோசனமில்லை. அடுத்த குளிர்காலத்திலும் அங்கொன்று இங்கொன்றாகப் பழம் வந்தது. பின்னால் காட்டில் நிற்கிற ஸ்டெக்பால்மேகளிலிருந்து தேனீ கொண்டுவந்திருக்கும்.

ஹைமில் முதல் கிழமைகளில் அப்பாவின் சாப்பாட்டுக் கோப்பையும் தொடாமல்தான் திரும்பி வந்தது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு கழுவுமிடத்தில் நின்றேன். பிறகு சமையல்காரரிடம் கேட்டு, உருளைக்கிழங்கு மசியலில் கொஞ்சம் மிளகும் உப்பும் கூடப் போட்டு, குழைசோறு மாதிரி ஆக்கி அனுப்பினேன். பாதி காலியாகி வந்தது. பிறகு முழுக்கக் காலியாகி வந்தது. நான் அங்கே வேலை செய்யாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். அவரை வீட்டில் வைத்திருந்த காலத்தில் நான் அவருடைய காவற்காரி. ஹைமுக்குப் போன பிறகுதான் அவருக்குப் பக்கத்தில் சும்மா இருக்க எனக்கு நேரம் கிடைத்தது. இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் என்று சொல்ல மாட்டேன். சொல்லியும் கேட்டிருக்க மாட்டேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். வேலி இப்போது இடுப்புக்கு மேலே வந்துவிட்டது. நீ வைத்திருக்கலாம், பிடுங்கவும் செய்யலாம். அது அப்பாவின் ஞாபகமாக நிற்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அப்பா உயிரோடு இருக்கிறார், ஞாபகத்துக்குச் செடி தேவையில்லை. வைத்திருப்பதென்றால், வைகாசியில் சின்ன வெள்ளைப் பூ வரும், அது உதிர்ந்து பச்சைக் காய் தெரியும்போது, குருவிக் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நுனிகளை மெல்ல வெட்டு. அந்த வருடத்துப் பழத்தில் பெரும்பகுதி அதோடு போய்விடும். தப்பியதைச் சிவக்க முன்னம் கையால் பிடுங்கு. பிள்ளைக்கு விளங்குகிற வயது வரும் வரை இதைச் செய்ய வேண்டும், ஒரு வருடமும் தவறவிடக் கூடாது. காய்ந்து விழுகிற இலையின் முள் இலகுவில் மக்காது, பிள்ளையை வெறுங்காலோடு அந்தப் பக்கம் விடாதே. பிடுங்குவதென்றால் வேறு இடத்தில் நடலாம் என்று ஆசைப்படாதே, இந்த வயதில் அதற்கு இடம் மாறப் பிடிக்காது. தடித்த கையுறை போட்டு, வேரோடு எடு. அந்த இடத்தில் முள்ளில்லாத எதையாவது வை, ரூத்தைக் கேட்டால் சொல்லுவாள். கம்பி மட்டும் போடாதே. அப்பாவை ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எதைச் செய்தாலும் மிதுலாவும் நீயும் சேர்ந்து முடிவு செய்யுங்கள், எனக்காகச் செய்யாதீர்கள். நீங்கள் குடிவந்த பிறகு நான் உங்களோடு இந்த வீட்டில் இருக்கப்போவதில்லை. மேல்மாடியில் அறை ஒதுக்கியிருப்பதாக மிதுலா சொன்னாள், நல்ல பிள்ளை. ஆனால் ஹைமுக்கு எதிர்ப்பக்கம் சின்ன வீடொன்றைப் பார்த்துவிட்டேன். பல்கனி இருக்கிறது, அதில் ஒன்றும் நடப்போவதில்லை. எனக்கும் ஒரு நாள் அப்பாவைப் போல வந்தால், வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்று உன்னை நீயே உடைத்துக்கொள்ளாதே. இது என் விருப்பம், எழுத்தில் தருகிறேன். சனங்கள் கதைப்பார்கள். எனக்கும் கதைத்தார்கள், "மனுசனைக் கொண்டுபோய் விட்டிட்டா" என்று கோயிலில் என் காது படவே கதைத்தார்கள். கதைத்தவர்களில் ஒருவர்கூட ஒரு பின்னேரம் வந்து அவரோடு இருந்ததில்லை. நீ வந்து இருந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை எனக்குக் கடைசி வேலை நாள். சமையலறையில் கேக் வெட்டினார்கள், பூங்கொத்துத் தந்தார்கள். ஏப்ரனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல இரண்டாம் மாடிக்குப் போனேன். அப்பா நடைக்கூடத்து நீள வாங்கில் இருந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது என்னை அவருக்குத் தெரியாது. முன்பு போல "நீர்" என்று கூப்பிடுவதில்லை, அந்நியப் பெண்ணிடம் கதைக்கிற மாதிரி மரியாதையாக "நீங்கள்" என்றுதான் சொல்லுவார். பூங்கொத்தைப் பார்த்துவிட்டு, "எங்கை, கலியாண வீட்டாலை வாறியளோ?" என்று கேட்டார்.

"இல்லை. எனக்கு வேலை முடிஞ்சுது. இனிப் போகத் தேவையில்லை" என்றேன்.

"முழுக்க முடிஞ்சுதோ?"

"ஓம். முழுக்க."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு வாங்கில் மெல்ல அரக்கி, பக்கத்தில் கையால் தட்டி இடம் காட்டினார். "அப்ப இதிலை இருங்கோவன்" என்றார். "நல்லாக் களைச்சுப் போனியள்."

இருந்தேன்.

அம்மா